எந்த நாளைச் சொல்ல?

கடந்த ஒரு வாரத்தில் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூட முடிந்ததா? சிரமமே இல்லை, கொஞ்சம் சிரமம், ரொம்பச் சிரமம், முடியவே இல்லை. நான்கில் ஒன்றுக்கு டிக் போட வேண்டும். திங்களன்று முடியவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். செவ்வாயன்று ஈரத்துணியைச் சுற்றி, இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தித் திருகினேன். புதன் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை குழாயைத் திறந்தேனா என்பதே நினைவில்லை. அவ்வளவு சாதாரணமாகத் திறந்திருக்கிறேன். நான்கு கட்டங்களும் என் ஒரே வாரத்துக்குள் இருக்கின்றன.

பள்ளிக்கூடத்தில் வினாத்தாள் தயாரித்துப் பழகியவள் நான். ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ என்று போட்டால் ஒன்று சரியாகவும் மற்றவை தவறாகவும் இருக்க வேண்டும். நான்கும் சரியாக அமைந்துவிட்டால் வினாதான் தவறு. பிள்ளைகளுக்குக் கருணை மதிப்பெண் போட்டுவிடுவோம்.

*

குறை சொல்வதற்கு முன் அந்தப் படிவத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட வேண்டும். எச்.ஏ.க்யூ. என்று மூட்டு டாக்டர்கள் சொல்லும் இந்த வினாத்தாள் 1980-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் குழுவினர் உருவாக்கியது. 20 கேள்விகள், 8 பிரிவுகள், 0 முதல் 3 வரை மதிப்பெண். அதுவரை முடக்குவாதம் எப்படி இருக்கிறது என்பதை எக்ஸ்ரே சொல்லும், ரத்தப் பரிசோதனை சொல்லும், மூட்டை அமுக்கிப் பார்க்கும் டாக்டரின் விரல் சொல்லும். சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா என்று நோய்க்காரரையே கேட்டு, அந்தப் பதிலையும் ஒரு சாட்சியாக ஏற்றுக்கொண்டது பெரிய காரியம்.

2002-ல் இதற்கு ஓர் இந்திய வடிவம் வந்தது. புடவையோ வேட்டியோ கட்டிக்கொள்ள முடிகிறதா, சம்மணம் போட்டு உட்கார முடிகிறதா, கழிப்பறையில் குந்த முடிகிறதா, ஆட்டோவில் ஏறி இறங்க முடிகிறதா, காய்கறி மார்க்கெட்டுக்குப் போய்வர முடிகிறதா. யாரோ நம் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருக்கிறது. இடத்தைச் சரிசெய்துவிட்டார்கள். காலத்தை யாரும் தொடவில்லை.

*

ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு காலக்கெடு இருக்கிறது. இ.க்யூ.-5டி என்பது ‘இன்று’ எப்படி என்று கேட்கிறது. எச்.ஏ.க்யூ. கடந்த ஒரு வாரம். மனச்சோர்வுக்கான பி.எச்.க்யூ.-9 இரண்டு வாரம். எஸ்.எஃப்.-36 பெரும்பாலும் நான்கு வாரம். உலக சுகாதார நிறுவனத்தின் வூடாஸ் 30 நாள். ஒற்றைத் தலைவலிக்கான மைடாஸ் மூன்று மாதம்.

‘இன்று’ என்பது சீட்டுக் குலுக்கல். ஐந்தே கேள்விகள்: நடமாட்டம், தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, வழக்கமான வேலை, வலி, கவலை. கூடவே 0 முதல் 100 வரை ஒரு கோடு. இன்றைய உடல்நிலை அதில் எங்கே என்று குறிக்க வேண்டும். பிரிட்டனில் எந்த மருந்துக்கு அரசுப் பணம் செலவழிக்கலாம் என்று முடிவுசெய்யும் நைஸ் அமைப்பு, மருந்தின் பலனைக் கணக்கிட முதலில் தேடுவது இந்த ஐந்து கேள்விகளின் பதிலைத்தான். ஆயிரம் பேரைக் கேட்டால் ஒருவரின் நல்ல நாளும் இன்னொருவரின் கெட்ட நாளும் சேர்ந்து மொத்தத்தில் சரியாகிவிடும் என்பது புள்ளியியல்காரர்களின் பதில். கூட்டத்தைப் பொறுத்தவரை நியாயம்தான். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைப் பொறுத்தவரை அந்த ஒரு நாள்தான் அவளுடைய முழு வாக்குமூலம்.

வூடாஸின் வழிமுறையில் வெளிப்படையாகவே ஒரு வரி உண்டு: நல்ல நாட்களையும் மோசமான நாட்களையும் சராசரியாக எடுத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். பிரச்சினையை ஒப்புக்கொண்டதற்கே பாராட்டலாம். ஆனால் அந்தச் சராசரியை மனதுக்குள் போடும் வேலை யார் தலையில் விழுகிறது? சென்னைக்கு ஆண்டு சராசரி மழை சுமார் 1,400 மில்லிமீட்டர் என்று சொல்லுவார்கள். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் படகு வந்தது. 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். சராசரி மழை பெய்த ஆண்டை யாரும் கதையாகச் சொல்வதில்லை. என் மாதத்தில் முழுக்கப் படுத்துக் கிடந்த நாட்களும் மூன்று பீரியட் நின்றுகொண்டே பாடம் எடுத்த நாட்களும் இருக்கும். இரண்டையும் கூட்டி வகுத்தால் ‘மிதமான சிரமம்’ என்று வரும். அந்த நடுநிலை நாள் ஒன்றைக்கூட நான் வாழ்ந்ததில்லை.

வூடாஸின் கடைசிப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். 30 நாளில் எத்தனை நாள் சிரமம் இருந்தது, எத்தனை நாள் வழக்கமான வேலை எதையுமே செய்ய முடியவில்லை, எத்தனை நாள் வேலையைக் குறைத்துக்கொண்டீர்கள் என்று மூன்று கேள்விகள். நாளை நாளாகவே எண்ணச் சொல்கிறது. மைடாஸும் அப்படித்தான், தலைவலியால் வேலைக்குப் போகாத நாள் எத்தனை, போயும் பாதிகூடச் செய்யாத நாள் எத்தனை என்று கேட்கிறது. தலைவலிக்காரர்கள் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலிகள். தலைவலிக்கு ஆரம்பமும் முடிவும் உண்டு என்பதை மருத்துவம் முன்பே ஒப்புக்கொண்டுவிட்டது.

*

காலை ஆறு மணிக்கு என் விரல்கள் மடங்காது. எட்டு மணிக்கு மேல் மெல்ல இளகும். ஓ.பி.யில் டோக்கன் வாங்கி, பெஞ்சில் காத்திருந்து, படிவம் கைக்கு வரும்போது பதினொன்று. பேனா பிடித்து அழகாக டிக் போடுகிறேன். டிக் போட்ட அந்தக் கையே படிவத்துக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

*

ரொம்ப மோசமான நாளில் யாரும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. பஸ் ஏற முடியாது, கூட வர ஆள் லீவு போட முடியாது, ‘அடுத்த வாரம் போய்க்கலாம்’ என்று தள்ளிப்போகும். ஆகவே தேதி குறித்த ஓ.பி.யில் டாக்டர் பார்ப்பதெல்லாம் வரமுடிந்த நாட்களின் எங்களை.

இதற்கு நேர் எதிரான பொய்யும் உண்டு. தேதி குறிக்காமல் தானாக ஓடிவருகிறவர்கள் நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் வருவார்கள். உச்சத்துக்குப் பிறகு இறங்கத்தான் செய்யும். அப்போது கையில் எந்த மருந்து இருந்ததோ, எந்தத் தைலம் தேய்த்தார்களோ, எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்களோ, பெயர் அதற்கு. ஃபிரான்சிஸ் கால்டன் 1886-ல் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டு, மிக உயரமானவர்களின் பிள்ளைகள் சராசரியை நோக்கித் திரும்புவதைக் காட்டினார். ஏறி இறங்கும் நோய்களில் அந்தத் திரும்பல் மாதாமாதம் நடக்கிறது. மருந்துப் பரிசோதனைகளில் ஒப்பீட்டுக் குழு ஒன்றை வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஊரில் விற்கும் மூட்டுவலி எண்ணெய்களுக்கு ஒப்பீட்டுக் குழு கிடையாது. அந்த எண்ணெய்களின் வியாபாரம் எங்கள் ஏற்ற இறக்கத்தின் மேல்தான் நடக்கிறது.

*

ஓ.பி. பெஞ்சில் காதில் விழுந்தது. ஆராய்ச்சிக்காகக் கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளும் இளைஞர் ஒருவர். பக்கத்தில் எழுபதைத் தாண்டிய பாட்டி.

“மாடிப்படி ஏற முடியுதா பாட்டி?”

“ஏறிருவேன்யா.”

“அப்ப சிரமம் இல்லைன்னு போட்டுக்கவா?”

“இறங்குறதுக்கு ஆளு வேணும். ஏறுன அன்னைக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. மறுநா அடுப்படிப் பக்கமே போறதில்ல.”

“அதெல்லாம் இதுல இல்ல பாட்டி.”

“இல்லாட்டிப் போகுது, நீ போட்டுக்க.”

பையனைக் குறை சொல்ல முடியாது. அவன் மரியாதையாகத்தான் கேட்டான். படிவத்தை அவன் எழுதவில்லை.

*

பாட்டி சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. ‘முடியுமா’ என்று கேட்டால் எங்களில் பலர் எதையும் ஒரு தடவை செய்துவிடுவோம். மகள் கல்யாணத்தன்று மண்டபத்தில் காலையிலிருந்து இரவுவரை நின்றவளைப் பார்த்துவிட்டு, ‘அன்னைக்கு நல்லாத்தானே இருந்தீங்க’ என்று உறவுகள் கேட்பார்கள். அதற்கு முன்னால் ஒரு வாரம் சேர்த்துவைத்த ஓய்வும் பின்னால் படுத்த நாட்களும் வீடியோவில் வராது.

இந்தப் பின்விளைவே நோயின் மையமாக இருக்கும் வியாதி ஒன்று உண்டு. மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ், அல்லது நாட்பட்ட சோர்வு நோய். கொஞ்சம் உழைத்தால் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்துத்தான் அடி விழும். விழுந்தால் நாள்கணக்கில், வாரக்கணக்கில் எழ முடியாது. இப்படிப்பட்டவரிடம் எஸ்.எஃப்.-36 கேட்பது: வழக்கமான ஒரு நாளில் நீங்கள் செய்யக்கூடிய வேலைகள் இவை, உங்கள் உடல்நிலை இப்போது இவற்றில் எவ்வளவு தடையாக இருக்கிறது? மளிகைப் பையைத் தூக்குவது, மாடி ஏறுவது, குனிவது, நடப்பது, குளித்து உடுத்துவது. உடலியக்கத்துக்கு 10 கேள்விகள், மொத்தம் 100 மதிப்பெண். இதில் ‘வழக்கமான நாள்’ யாருடையது என்று கேட்க இடமில்லை. ‘செய்தபிறகு என்ன ஆகும்’ என்பதற்கும் இடமில்லை.

இந்த 100 மதிப்பெண்ணை வைத்து பிரிட்டனில் நடந்த ஒரு கதையை எழுதி வைக்கிறேன். பேஸ் என்ற பெரிய ஆய்வு, 641 நோயாளிகள், முடிவுகள் 2011-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டுவதும் ஒருவகை மனச் சிகிச்சையும் இந்த நோய்க்குப் பலன் தருமா என்பது கேள்வி. ஆய்வில் சேர உடலியக்க மதிப்பெண் 65 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். அதாவது அந்த அளவுக்கு முடங்கியிருக்க வேண்டும். குணமானவர் என்று சொல்ல 85 வேண்டும் என்று முதலில் திட்டத்தில் எழுதியிருந்தார்கள். கட்டுரை வந்தபோது ‘இயல்பான எல்லை’ என்பது 60-லிருந்தே தொடங்கியது. 65-ல் நோயாளியாகச் சேர்ந்து, 60-க்குச் சரிந்து, அந்த அளவுகோலின்படி இயல்பானவராக வெளியே வரலாம். இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் சொன்னால் சிரிக்கும்.

60 எங்கிருந்து வந்தது? பொதுமக்கள் மாதிரி ஒன்றின் சராசரி 84. அதிலிருந்து ஒரு திட்ட விலக்கம், 24-ஐக் கழித்தார்கள். கணக்கு சரி. ஆனால் பொதுமக்களில் பெரும்பாலோர் 95, 100 என்று மேலே நெருக்கியடித்து நிற்பார்கள். வயதானவர்களும் நோயாளிகளும் கீழே நீண்ட வாலாக இருப்பார்கள். அப்படிச் சாய்ந்து கிடக்கும் கூட்டத்தில் சராசரியிலிருந்து விலக்கத்தைக் கழித்து ‘இதுதான் இயல்பின் அடிக்கோடு’ என்று சொல்ல முடியாது. நோயாளிகள்தான் இதைக் கண்டுபிடித்துக் கேட்டார்கள். தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு நோயாளி மூலத் தரவுகளைக் கேட்டது தீர்ப்பாயம்வரை போனது. 2016-ல் தரவை வெளியிடச் சொல்லி உத்தரவு வந்தது. பழைய திட்டத்தின்படி மறுபடி கணக்குப் போட்டபோது குணமானவர்களின் எண்ணிக்கை வெகுவாகச் சுருங்கியது. 2021 அக்டோபரில் வந்த நைஸ் வழிகாட்டியில் அந்தப் படிப்படியான உடற்பயிற்சிச் சிகிச்சை நீக்கப்பட்டது.

ஆய்வாளர்கள் கடைசிவரை தங்கள் முடிவில் நின்றார்கள் என்பதையும் எழுத வேண்டும். ஆனால் அடிக்கோடு எங்கே என்ற சண்டையில் இன்னொரு கேள்வி அமுங்கிப்போனது. 60 ஆகட்டும் 85 ஆகட்டும், மாடி ஏறியவர் மறுநாள் எழுந்தாரா என்பது அந்த எண்ணில் இல்லை.

*

அதே ஆய்வில் சோர்வை அளக்க சால்டர் அளவுகோல் என்று ஒன்று. 11 கேள்விகள். பதில்கள்: வழக்கத்தைவிடக் குறைவு, வழக்கம்போல, வழக்கத்தைவிட அதிகம், மிக அதிகம். பத்து வருஷமாக நோயோடு இருப்பவருக்கு எது வழக்கம்? கடைசியாக நன்றாக இருந்த காலத்தோடு ஒப்பிடுங்கள் என்று அறிவுரை இருக்கிறது. நான் நன்றாக இருந்தபோது எனக்கு வயதும் வேறு, வேலையும் வேறு, வீட்டில் மாமியாரும் இருந்தார்.

*

என் முடக்குவாதம் பாதத்தில் ஆரம்பித்தது. மூட்டு டாக்டர்கள் நோயின் வேகத்தைக் கணக்கிடும் டாஸ்-28-ல் 28 மூட்டுகளை எண்ணுவார்கள்: தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல், முழங்கால். கணுக்காலும் பாதமும் அதில் இல்லை. அன்றைக்குப் பாதத்தில் மட்டும் வீக்கம் இருந்தால் அந்த மூட்டு எண்ணிக்கைப்படி நோய் அடங்கியிருக்கிறது. பிரிட்டனில் விலை உயர்ந்த ஊசி மருந்துகளைத் தொடங்க நீண்ட காலம் இந்த எண் 5.1-ஐத் தாண்ட வேண்டியிருந்தது. மூட்டை எண்ணும் நாளில் 5.0 வந்தவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள்.

*

நினைவு. வலியை நாம் எப்படி நினைவில் வைக்கிறோம் என்று ரெடல்மையரும் கானமனும் 1996-ல் எழுதினார்கள். மயக்கம் முழுதாகக் கொடுக்காமல் பெருங்குடலில் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை. வலி எவ்வளவு என்று நிமிடத்துக்கு நிமிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். முடிந்தபிறகு மொத்தத்தில் எப்படி இருந்தது என்றும் கேட்டார்கள். மொத்த மதிப்பீட்டைத் தீர்மானித்தவை இரண்டு: உச்சத்தில் எவ்வளவு வலித்தது, கடைசியில் எவ்வளவு வலித்தது. எவ்வளவு நேரம் வலித்தது என்பது ஏறக்குறையக் கணக்கிலேயே வரவில்லை. சோதனை சில நிமிடங்கள் எடுத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனாலும்.

அப்படியானால் நான்கு வாரத்தைப் பற்றிக் கேட்டால் நான் சொல்வது, மிக மோசமான ஒரு நாளையும் நேற்றையும்தான். நேற்று நன்றாகத் தூங்கியிருந்தால் மாதமே நன்றாக இருந்திருக்கும்.

சரி, தினமும் எழுது என்பார்கள். டைரி. ஆர்தர் ஸ்டோன் குழு 2002-ல் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாட்பட்ட வலி உள்ள 80 பேர். பாதிப்பேருக்குக் காகித டைரி, பாதிப்பேருக்குக் கையடக்கக் கருவி. காகித டைரியின் அட்டைக்குள் வெளிச்சத்தை உணரும் சில்லு ஒன்றை ஒளித்து வைத்து, எப்போது திறக்கப்படுகிறது என்று பதிவுசெய்தார்கள். தவறாமல் எழுதியதாக டைரியில் இருந்தது 90 சதவீதம். உண்மையில் குறித்த நேரத்தில் எழுதப்பட்டது 11 சதவீதம். கருவி கேட்டு எழுதியதில் 94. சில நாட்கள் டைரி திறக்கப்படவே இல்லை, ஆனால் அந்த நாட்களுக்கும் பதில் இருந்தது. பிள்ளைகளின் வீட்டுப்பாட நோட்டைத் திருத்தியவர்களுக்கு இது புதிதல்ல. ஞாயிறு இரவு ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஐந்து நாள் தேதி.

இப்போது செல்பேசியே மணி அடித்துக் கேட்கிறது. காகிதத்தைவிட நல்லது. ஆனாலும் தலையைத் தூக்க முடியாத நாளில் அந்த மணிக்கு யார் பதில் சொல்வார்கள்? விட்டுப்போன நாட்கள் எல்லாம் தற்செயலாக விட்டுப்போனவை என்று கணக்கில் எடுத்துக்கொண்டால், மிக மோசமான நாட்களை மட்டும் பொறுக்கி எடுத்துத் தூக்கிப் போட்டதாக ஆகும். இன்னொன்று: நாளுக்கு மூன்று முறை ‘வலிக்கிறதா’ என்று கேட்டால், மறந்திருந்த வலியையும் எழுப்பிவிடுகிறார்கள்.

*

வீட்டுக்குள்ளே இன்னொரு சிக்கல். எச்.ஏ.க்யூ.வில் ஒரு வேலைக்கு இன்னொருவர் உதவினால் அந்தப் பிரிவின் மதிப்பெண் குறைந்தது 2 ஆகிவிடும். என் அத்தைக்குத் தலைவாரிப் பின்னிவிடுவது மருமகள். அது உதவியா, அந்த வீட்டு வழக்கமா? அத்தைக்குத் தோள் எப்படி இருந்தாலும் மருமகள்தான் பின்னுவாள். எதிர்முனையில் கூடப்பிறந்தவள் ஒருத்தி. வீட்டில் வேறு யாரும் சமைக்க மாட்டார்கள். விரல் வீங்கிய நாளிலும் மாவு பிசைவாள். ‘சிரமமா?’ என்றால் ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’ என்பாள். செய்யாமல் இருக்கும் வசதி இருப்பவருக்குத்தான் ‘முடியவில்லை’ என்ற கட்டம்.

*

பி.எச்.க்யூ.-9-ஐயும் ஒருமுறை நிரப்பச் சொன்னார்கள். தூக்கம் சரியில்லையா, அசதியா, பசி இல்லையா. மூட்டுக்கு நான் போடும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருநாள் மாத்திரை. போட்ட மறுநாள் குமட்டும், எழுந்திருக்கப் பிடிக்காது. மூன்றுக்கும் ஆமாம். ஒன்பதில் மூன்று கேள்விகளுக்கு என் மூட்டும் மாத்திரையும் பதில் சொல்லிவிட்டன. இதை முன்கூட்டியே யோசித்தவர்கள் உண்டு: 1983-ல் ஜிக்மண்டும் ஸ்னெய்த்தும் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கென்றே கவலை, மனச்சோர்வு அளவுகோல் ஒன்றைச் செய்தபோது, உடல் நோயாலும் வரக்கூடிய அறிகுறிகளைத் தவிர்த்தார்கள். பழைய படிவம், அறிவுள்ள படிவம்.

*

அரசாங்கம் கேட்கும்போது நிலைமை வேறு. இந்தியாவில் 1995 சட்டத்தில் 7 வகை ஊனங்கள் இருந்தன; 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ், பார்க்கின்சன், ஹீமோஃபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் ரத்தசோகை எல்லாம் உள்ளே வந்தன. ஏறி இறங்கும் நோய்களுக்குச் சட்டம் கதவைத் திறந்தது. ஆனால் கதவுக்குள்ளே வைத்திருக்கும் அளவுகோல் சதவீதம். முக்கியச் சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும்.

நீலகிரியில் இருளர், குறும்பர், பணியர் மக்களிடையே சிக்கிள் செல் இருப்பதை லேமனும் கட்புஷ்ஷும் 1952-லேயே எழுதிவிட்டார்கள். அந்த நோயில் ரத்த அணுக்கள் அரிவாள்போல வளைந்து நுண்குழாய்களை அடைத்துக்கொள்ளும்போது வரும் வலி, பிரசவ வலிக்குப் பயப்படாதவர்களையும் அலறவைக்கும். குளிர், நீர் வற்றுதல், காய்ச்சல், கடும் உழைப்பு என்று எதுவும் அதைக் கிளப்பலாம். அடங்கிவிட்டால் மறுவாரம் ஆள் தேயிலைத் தோட்டத்தில் இருப்பார். ஊனச் சான்றிதழ் முகாம் நடக்கும் நாளில் அவர் நடந்து வந்து வரிசையில் நின்றால், நூற்றுக்கு எத்தனை?

முடக்குவாதம் அந்த 21-ல் தனிப் பெயரோடு இல்லை. கை கால் இயக்கக் குறைபாடு என்ற தலைப்பில்தான் வரமுடியும். அங்கே அளப்பது நிரந்தரமாகிவிட்ட குறைபாட்டை: மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசை எவ்வளவு பலம். ஆக, விரல்கள் கோணிப்போய், மூட்டு இறுகி, இனி மாறாது என்று ஆனபிறகு சான்றிதழ் கிடைக்கும். அப்படி ஆகாமல் தடுக்கத்தான் வருடக்கணக்கில் மாத்திரை போடுகிறோம். மாத்திரை வேலை செய்கிறவரை, படுத்துக் கிடந்த நாட்களுக்கு எந்தச் சான்றும் இல்லை.

பிரிட்டனில் 2013-ல் வந்த பிப் என்ற மாற்றுத்திறனாளி உதவித்தொகையின் விதிகளை ஒரு ஆசிரியையின் கண்ணோடு படித்தேன். நன்றாக யோசித்து எழுதியிருக்கிறார்கள். ஒரு வேலையை ஒருவரால் செய்ய முடியும் என்றால், பாதுகாப்பாக, ஏற்கத்தக்க தரத்தில், தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிய வேண்டும். நியாயமான நேரம் என்றால் மற்றவர்கள் எடுக்கும் அதிகபட்ச நேரத்தைப்போல இரண்டு மடங்குக்குள். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் முடியாது என்றே பொருள். மாடி ஏறிய பாட்டியின் இரவும் மறுநாளும் இதில் வந்துவிடுகின்றன!

அடுத்த வரியில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள். பாதி நாட்களுக்கு மேல் அந்தச் சிரமம் இருக்க வேண்டும். மாதத்தில் பத்து நாள் எழவே முடியாதவர், இருபது நாள் நடப்பவர். அவர் நடக்க முடிந்தவர். ஆனால் அந்தப் பத்து நாள் எப்போது வரும் என்பது அவருக்கே தெரியாதே. எந்த முதலாளி அவருக்கு வேலை தருவார்? 2017-ல் மேல் தீர்ப்பாயத்தின் மூன்று நீதிபதிகள் வலிப்பு நோய்க்காரர்களின் வழக்குகளில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கினார்கள். வலிப்பு பாதி நாட்களுக்கு மேல் வர வேண்டியதில்லை. எந்த நாளில் வேண்டுமானாலும் வரலாம், வந்தால் பெரிய ஆபத்து என்றால், வராத நாளிலும் அவர் தனியாகக் குளிப்பது பாதுகாப்பானதல்ல. நாளை எண்ணுவதை விட்டுவிட்டு நிச்சயமின்மையையே ஊனமாகப் பார்த்த தீர்ப்பு. டாக்டர்கள் எழுதிய படிவங்கள் எதிலும் இதை நான் பார்க்கவில்லை. வக்கீல்கள் வாதாடித்தான் வந்திருக்கிறது.

*

படிவம் வேண்டாம் என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. படிவம் இல்லாவிட்டால் பழையபடி டாக்டரின் ‘பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க’ என்பதில் போய் நிற்கும். அதற்கு நான்கு கட்டமே மேல்.

நல்ல படிவம் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு, 2024-ல் நார்வே குழு ஒன்று வெளியிட்ட ஃபன்கேப். சோர்வு நோய்க்காரர்களுக்காக, அவர்களையும் சேர்த்துக்கொண்டு செய்தது. குளிப்பது, நடப்பது, நிமிர்ந்து உட்கார்வது, பேசுவது, வெளிச்சமும் சத்தமும் தாங்குவது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை. ‘முடியுமா’ என்பதோடு நிறுத்தாமல், செய்தால் அன்றைக்கு மிச்ச நேரம் என்ன ஆகும், அடுத்த நாட்கள் என்ன ஆகும் என்று கேட்கிறது. அதிலும் குறை உண்டு. 55 கேள்விகளை நிரப்பி முடிப்பதே சிலருக்கு இரண்டு நாள் படுக்கை. 27 கேள்விகளில் சுருக்கம் ஒன்றும் வைத்திருக்கிறார்கள்.

*

ஓரத்தில் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். கட்டத்துக்கு வெளியே ‘காலையில் மட்டும்’, ‘மழைக்காலத்தில்’, ‘ஸ்டீராய்டு ஊசி போட்டதால்’ என்று பொடி எழுத்தில். கணினியில் ஏற்றும்போது அதற்கு இடம் இல்லையாம்; எண்ணை மட்டும் அடிப்பார்கள். நானும் எழுதுகிறேன். அடுத்த படிவத்தை யோசிக்கிற யாராவது என்றைக்காவது பழைய காகிதங்களைப் புரட்டமாட்டார்களா?

*

அடுத்த ஓ.பி.க்குச் சில:

விடிந்ததும் வீங்கின கையைச் செல்பேசியில் படம் எடுத்து வைக்க வேண்டும், நேரம் தெரியும்படி. பதினொரு மணிக்குக் கைக்குப் பதில் படத்தைக் காட்டலாம்.

ஒரு பதிலுக்குப் பதில் மூன்று சொல்ல வேண்டும்: மிக நல்ல நாள் எப்படி, மிக மோசமான நாள் எப்படி, மோசமானவை இந்த மாதம் எத்தனை. டாக்டருக்கு நேரம் இருந்தால்.

எதையெல்லாம் செய்வதையே விட்டுவிட்டேன் என்று எழுதி வைக்க வேண்டும். கோலம், இரும்புத் தோசைக்கல், கரும்பலகையின் மேல்பாதி. விட்டுவிட்டதால் அவற்றில் எனக்குச் சிரமமே இல்லை என்று போன முறை படிவத்தில் வந்திருக்கிறது.

மெத்தோட்ரெக்சேட் எந்தக் கிழமை என்பதைப் படிவத்தின் தலையிலேயே எழுத வேண்டும்.

படிவத்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவார்களா, காலையில் ஆறு மணிக்கு நிரப்பித் தருகிறேன் என்று அந்த ஆராய்ச்சிப் பையனிடம் கேட்க வேண்டும். டிக் கோணலாக இருக்கும், பரவாயில்லையா என்றும்.